வெள்ளை வேட்டியும் ஷூ பாலிஷும்

புது வண்டியைக் காட்டிப் பெண் கேட்கிறவன் கொடுத்து வைத்தவன். என்னிடம் இருந்தது, மலை மேல் ஒரு ரிசார்ட்காரர் ஓட்டித் தீர்த்துவிட்டு விற்ற பழைய ஏடிவி. மணலில் ஓட்டுவார்களே, தடித்தடியாக நாலு டயர் வைத்த பைக், அதுதான். கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று விடுவது என் தொழில். தரகர் அதைப் பாலக்காட்டில் பெண் வீட்டாரிடம் "பையன் டூரிசம் பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தார். (நான் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அதில் பொய்யும் இல்லை.)

பெண்ணின் அத்தா காசிம் ராவுத்தர் அரிசி வியாபாரி. "வெள்ளிக்கிழமை வந்து உங்க வண்டியைப் பாக்கறேன் தம்பி" என்று போன் செய்தார். அன்றுதான் நான் என் வண்டியை ஒரு மாமனாரின் கண்ணால் பார்த்தேன். வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து, சிவப்பாக இருக்க வேண்டிய பாகமெல்லாம் பஞ்சுமிட்டாய் நிறமாகியிருந்தது. கறுப்பு மட்கார்டுகள் திருநீறு பூசியது மாதிரி வெளுத்திருந்தன.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திக் கழுவினேன். ஷாம்பூ போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காக மணலைத் தோண்டி எடுத்தேன். ஈரமாக இருந்தவரை வண்டி புதுசு மாதிரி இருந்தது. காய்ந்ததும் மறுபடி திருநீறு.

பிளாஸ்டிக்குக் கறுப்பு ஏற்றுவதற்கென்றே ஒரு திரவம் இருக்கிறது. தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும் என்று வீடியோவில் தெளிவாகச் சொன்னார்கள். அது ஊரின் மறுகோடியில், கலூர் கடைகளில் கிடைக்கும். ஆனால் எனக்கு அங்கே போக சோம்பல். வீட்டில் ஷூ பாலிஷ் இருந்தது, அதுவும் கறுப்புதானே! மட்கார்டு, சீட்டு இரண்டிலும் அப்பினேன். கூடுதல் பளபளப்புக்கு அதன் மேலேயே தேங்காய் எண்ணெய்.

என் அக்கா ஷமீலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடா, துணியால ஒரு தடவை துடைச்சு விடுடா."

"துடைச்சா மினுமினுப்பு போயிடும் அக்கா."

உண்மையிலேயே வண்டி குளத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த எருமை மாதிரி பளபளத்தது.

காசிம் மாமா வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வண்டியைப் பார்ப்பார், சாயா குடிப்பார், போய்விடுவார் என்பது என் கணக்கு. அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா உக்காந்தா என்ன தெரியும்? ஸ்டார்ட் பண்ணு."

தெருக்கோடி வரை அவரே ஓட்டிப் போய்த் திரும்பினார். வளைவில் வழுக்கியபோது தொடைகளால் வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும், "சீட்டு நல்லா வழுவழுன்னு இருக்கு" என்று பாராட்டிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார்.

பின்பக்கம் முழுக்க ஒரு கறுப்பு வட்டம். அதிலிருந்து இரண்டு பட்டைகள் கால் வரைக்கும் இறங்கியிருந்தன.

"அப்படியே நாலு கடையில உன்னைப் பத்தி விசாரிச்சுட்டு வருவோம். நீயும் வா, ஒளிச்சு மறைச்சு எனக்குப் பழக்கமில்லை" என்று நடக்க ஆரம்பித்தார்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லுடா!"

"நீ சொல்லு."

"நான் பொம்பள, நான் எப்படிடா சொல்லுவேன்?"

ஆகவே யாரும் சொல்லவில்லை. அவர் முன்னால் போக, அவர் வேட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றபடி நான் பின்னால் போனேன். டீக்கடைச் சேட்டன், "நல்ல பையனாணு" என்று சொல்லிவிட்டு, மாமா திரும்பியதும் பாய்லருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "உன் பேரைச் சொன்னாலே எல்லார் முகத்துலயும் சிரிப்பு வருதே தம்பி. இந்த வயசுல இப்படி ஒரு பேரா!"

கடைசியாக மிளகு வியாபாரம் செய்யும் சேட்டின் கடை. அங்கே மெத்தை மேல் வெள்ளை விரிப்பு. (அந்த விரிப்பைப் பார்த்ததும் என் கால் தெருவிலேயே நின்றுவிட்டது.) மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வியாபாரிகள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சுலபத்தில் முடிகிறதா? அரிசி, மிளகு, மழை எல்லாம் பேசி முடித்து எழுந்தவர், விரிப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சேட், இதை மாத்தக் கூடாதா? எவ்வளவு கறை பாருங்க! என் வேட்டி என்ன ஆச்சோ…" என்று வேட்டியை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

சேட் விரிப்பைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எங்க கடைக் கறுப்பு இல்லை" என்றார், மரியாதையாக.

"ஷூ பாலிஷ், மாமா" என்றேன்.

"எங்கேர்ந்து?"

"வண்டியில."

"வண்டிக்கு எதுக்கு ஷூ பாலிஷ்?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

மாமா வேட்டியை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இனி எங்க உக்காந்தா என்ன" என்று அதே கறையின் மேல் மறுபடி உட்கார்ந்தார். சேட் சாயா சொன்னார். "எல்லாரும் இதுக்குத்தான் சிரிச்சாங்களா?" என்று அதைக் குடித்துக்கொண்டே மாமா கேட்டார். தலையை ஆட்டினேன்.

என் நீலக் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டுதான் பாலக்காட்டுக்கு ரயிலேறினார். அதற்கப்புறம் போனே இல்லை. நான் சேட்டின் விரிப்பையும் மாமாவின் வேட்டியையும் மாறி மாறித் துவைத்துக்கொண்டிருந்தேன். கறை மங்கியது, போகவில்லை. சம்பந்தம் போய்விட்டது என்று முடிவு செய்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் குரல்.

"நான் ஷாஹினா. அத்தா கைலியோட வந்து இறங்கி ஒரு கதை சொன்னாரு. நிஜமா?"

"நிஜம்தான்."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். அவள் சிரிப்பு அடங்கும் வரை நின்றபடியே காத்திருந்தேன். அப்புறம் கேட்டாள்: "துடைச்சு விடணும்னு கூடவா தெரியாது?"

அந்தக் கேள்வியை அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், சமையலறையிலிருந்து.

மாமா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், உட்காருவதற்கு முன் நாற்காலியை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் மகள், விருந்தாளி என்றால் இதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். யார் வந்தாலும் ஓடிப்போய் நாற்காலியைத் தன் கவுனால் துடைத்து, கவுனை அவர்களுக்கு விரித்துக் காட்டி, "கறுப்பு இல்லை, உக்காருங்க" என்கிறாள்.

"இவ்வளவு மரியாதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று வந்தவர்கள் வியக்கிறார்கள். ஷாஹினா என்னைக் கை காட்டுகிறாள்.