எட்டு ஐம்பத்தொன்பதில் நின்ற மண்டபம்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கல்யாண மண்டபத்தில் பாத்திர ரூம் சாவி வைத்திருப்பவன். நாலு பேர் ஒன்றாகப் பார்த்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அரைமணி என்று நாங்கள் கூப்பிட்டவரைப் பற்றி வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. நேரத்தைக் கத்தரிக்காய் மாதிரி நறுக்கி விற்ற மனிதர் தருமபுரி மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் காரிமங்கலத்தில் யாருக்கும் தெரியாது. ஓசூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் முதலாளி அதுவரை மண்டபத்தை நாள் வாடகைக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

"நாளுன்னு ஒன்னு கெடையாதுங்க. அரைமணி அரைமணியா நாப்பத்தெட்டு துண்டுதான் இருக்குது" என்று சொல்லி முதலாளியை மடக்கிவிட்டார் அரைமணி.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை. முகூர்த்தத் துண்டு உச்ச விலை, ராகுகாலத் துண்டு பாதி விலை. எப்போது வருகிறோம், எப்போது கிளம்புகிறோம் என்று செல்போனில் போட்டால், அவர் எழுதிய புரோகிராம் இடையில் உள்ள துண்டுகளைக் கூட்டி வாடகை சொல்லும். வாசலில் பெரிய டிவி மாட்டி, ஓடும் மணியையும் ஏறும் வாடகையையும் அதில் விட்டார். மாப்பிள்ளை பெண் படம் வரவேண்டிய இடம் அது.

விசாரிக்கும் போனையும் அவரே எடுத்து, முதல் கேள்வியையும் அவரே கேட்பார்.

"கல்யாணம் எத்தன மணிக்கு முடியுமுங்க?"

"பந்தி முடிஞ்சா முடியுமுங்க."

"பந்தி எப்ப முடியும்?"

"சனம் சாப்ட்டு எந்திரிச்சா முடியும். நீ என்னய்யா, போலீஸ் ஸ்டேசனா?"

டீக்கடையிலும் இதே கதைதான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த டீ எந்தத் துண்டில் சேரும் என்று யோசிப்பார். அதற்குள் ஆடை படிந்துவிடும்.

அவருடைய புரோகிராமைத் தோற்கடித்தவர்கள் கடத்தூர்க்காரர்கள். திங்கட்கிழமை காலையில் ஏழரைக்கு ராகுகாலம். அவர்கள் ஏழரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் புக் செய்தார்கள். ஆறரைக்கு வந்து இறங்கி, காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பாய் விரித்து, மேளம் கொட்டித் தாலி கட்டிவிட்டார்கள். ஏழரை அடித்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே புகுந்து பாதி வாடகையில் இலை போட்டது.

முதலாளி குதித்தார். அரைமணி அசையவில்லை.

"புரோகிராம் சரிங்க. சனங்கதான் தப்பு."

"இன்னொரு தடவ தப்பு நடந்துச்சு, உன்னையும் டிவியையும் சேத்து வெளிய வெச்சிருவேன்."

"எம் புரோகிராம்ல தப்பு வராதுங்க."

அவர் உயிரை விட்டாலும் அந்த ஒரு வாக்கியத்தை விடமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குக் காலை ஒன்பது வரைக்கும் எடுத்திருந்தார். ஒன்பதிலிருந்து உச்ச விலைத் துண்டு. அது அவருக்குக் கட்டாது. ஏரியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. தாலி கட்டும்போதே எட்டேகால். மண்டபத்தில் பாதிப் பேர் மணமேடையைப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்தார்கள். ஐயர் மந்திரத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிற வேகத்தில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்தபோது மணி எட்டே முக்கால்.

அந்த அம்மா என்னிடம் ஓடிவந்தார்.

"அண்ணா, ரெண்டாம் பந்திக்கு எல போடாதீங்க. எங்கூட வேல செய்யற பொம்பளைங்கதான். வெறும் வயித்தோட போவச் சொல்லிடறேன். கோவிச்சுக்க மாட்டாங்க."

சொல்லும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டிவிக்குக் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அரைமணி எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ தட்டினார்.

டிவியில் எட்டு ஐம்பத்தொன்பது வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

"பந்தி போடுங்கண்ணா. மணி இன்னும் ஒம்போது ஆவல" என்றார் என்னிடம்.

எட்டு ஐம்பத்தொன்பதில் இரண்டாம் பந்தி நடந்தது. மொய் எழுதியது, போட்டோ பிடித்தது, ஒரு பெரியவர் நாற்காலியில் தூங்கி எழுந்தது எல்லாம் எட்டு ஐம்பத்தொன்பதில்தான். கம்பெனிப் பெண்கள் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட்டார்கள்.

முதலாளி வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. டிவியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

அரைமணி எழுந்து நின்றார்.

"புரோகிராம்ல தப்புங்க. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

கூட்டம் போனபின் மிச்சச் சோற்றுக்கு அவரையும் உட்கார வைத்தேன். மணியே பார்க்காமல் சாப்பிட்டார். அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

மறுநாள் டிவியைக் கழற்றிப் பாத்திர ரூமில் வைத்தோம். வாடகை பழையபடி நாள் கணக்குக்கு வந்தது. அரைமணி காலையிலேயே ஓசூர் பஸ் ஏறிவிட்டார்.