ஏழரை மணி சீரியலை நான் கொன்ன கதை

நான் ஒரு கொலை பண்ணேன். பதறாதீக. கொன்னது ஒரு டிவி சீரியலைத்தான்.

சீரியலு தானாச் சாகாதுன்னு ஒங்களுக்கே தெரியும். ஆளு மாறும், வீடு மாறும், ஒரு வெள்ளிக்கெழமை மாமியாளுக்கு மூஞ்சியே மாறும். சாவு மட்டும் வராது. சரி, நம்மளே முடிச்சு விட்டுருவோம்னு எறங்கிட்டேன்.

என் பேரு ஆல்பர்ட். கம்பத்துல விளம்பர ஆட்டோ ஓட்டுறேன். “அன்பார்ந்த கம்பம் வாழ் பொதுமக்களே”ன்னு தெருத்தெருவா ஒரு கொரலு வருமே, அந்த வாயி என்னோடதுதான். மிமிக்ரியும் உண்டு. கழுதை, கலெக்டரு, காத்துப் போன டயரு, எது கேட்டாலும் குடுப்பேன்.

என் வீட்டுக்காரி ஜெசிந்தா. ஸ்கூல்ல சரித்திரம் சொல்லிக் குடுக்குற டீச்சர். அவளுக்குக் கண்ணு தெரியாது, ஆறு வயசுலயே போயிருச்சு. “அதனாலதான்டா ஒன்னையக் கட்டிக்கிட்டா”ன்னு என் கூட்டாளி விஜயபாண்டி சொல்லுவான். நான் கோவப்படுறதில்ல. நானும் தெனம் கண்ணாடி பாக்குறவன்தானே.

திருவிழா மைக்குல என் கொரலைக் கேட்டுத்தான் அவ சம்மதிச்சா. கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல சாமியார் சொல்லச் சொல்ல, இன்பத்திலும் துன்பத்திலும்னு நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். அதோட நிறுத்தியிருக்கணும். முன்னாடி மைக்கு இருந்துச்சா, வாயி நிக்கல. “சினிமாவுலயும் டிவியிலயும் ஒனக்கு நான்தான் கண்ணு”ன்னு ஒரு வரி சேத்து விட்டேன். கோயிலே கை தட்டுச்சு. தட்டுனது அரை நிமிசம். வேலை பதினோரு வருசமா ஓடுது.

அந்த வேலைக்கு ஆடியோ டிஸ்க்ரிப்ஷன்னு பேரு. படத்துல பேச்சு இல்லாத எடத்துல என்ன நடக்குதுன்னு ஒரு கொரலு சொல்லணும். ஒன்னு ரெண்டு புதுப் படத்துக்கு அது செல்போன்லயே வருது, காதுல மாட்டிக்கிட்டாப் போதும். மத்ததுக்கெல்லாம் எங்க வீட்டுல நான்தான். ஜெசிந்தா இதுக்குன்னே மதுரைக்குப் போயி மூணு நாள் கிளாஸ் கேட்டுட்டு வந்தா. வந்ததும் எனக்குப் பரீட்சை.

“கதவத் தொறக்குறா. பாவம், அழுகுறா”ன்னேன்.

“பாவம்ங்கறது திரையில தெரியுதா?”

“தெரியல.”

“பெறகு? கண்ணுல தண்ணி வருதுன்னு சொல்லுங்க. பாவமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். எனக்கு ஒங்க கண்ணு மட்டும் போதும். கருத்து வேணாம்.”

புருசன் கருத்து வேணாம்ங்கறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். எங்க வீட்டுல மட்டும் அத மதுரையில கிளாஸ் நடத்திக் குடுத்துருக்காக.

சினிமாவச் சமாளிச்சுரலாம். தேனியில தியேட்டருக்குப் போனா அவ காதுல சொல்லுவேன். நான் காதுல சொல்றது மூணு வரிசைக்குக் கேக்கும். ஒருக்கா முன்னாடி இருந்தவரு திரும்பி, “வாயக் கொஞ்சம் மூடுறீகளா”ன்னாரு. எடைவேளை முடிஞ்சு அவரே திரும்பி, “அண்ணே, கண்ணசந்துட்டேன், அந்தச் செவப்புச் சட்டைக்காரன் எப்பச் செத்தான்?”னு கேட்டாரு.

சீரியல்தான் ஆகாது. ஏழரை மணிக்கு வரும். பேரெல்லாம் எதுக்கு, நேரத்துலயே அதோட ஜாதகம் இருக்கு. அரைமணி நேரத்துல பேச்சு ரெண்டு நிமிசம். மிச்சம் பூராம் மூஞ்சி. “காப்பியில சீனி இல்ல”ன்னு மாமியா ஒரு வார்த்தை சொல்லுவா. ஒடனே டொய்ங்னு ஒரு சத்தம். என் வேலை ஆரம்பிச்சுரும்.

“மருமக மூஞ்சி. மாமியா மூஞ்சி. நாத்தனா மூஞ்சி. மறுபடியும் மருமக மூஞ்சி, இப்பக் கிட்டக்க. மாமனார் மூஞ்சி. சமையக்காரி மூஞ்சி. காப்பி.”

“காப்பி மூஞ்சிய எப்படி வச்சிருக்கு?”ம்பா ஜெசிந்தா.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கையில கோயில் திருவிழாவுக்குக் கேரம் போட்டி அறிவிச்சாக. மூணு வாரம், எப்பவும் போல ஒம்பது மணிக்கு இல்லாம, இந்த வருசம் தெனம் சாயங்காலம் ஏழரைக்கு. ஏழு வருசமா ஃபைனல்ல விஜயபாண்டிகிட்டத் தோத்துக்கிட்டு இருக்கேன். எனக்குப் பழக்கம் பத்தல, அதுதான் குறை. கப்பு அவன் வீட்டு அடுப்படியில இருக்கு. அவன் பொண்டாட்டி அதுல கரண்டி போட்டு வச்சிருக்கா. ஒவ்வொரு தடவை அங்கன காப்பி குடிக்கப் போகையிலயும் அந்தக் கரண்டி என் நெஞ்சுல குத்தும்.

மொறையாத்தான் கேட்டேன்.

“ஏ ஜெசி, மூணு வாரம் மட்டும் ஏழரைக்கு எனக்கு லீவு குடு.”

“போங்களேன். நானா ஒங்களக் கட்டிப் போட்டுருக்கேன்?”

“நெசமாவா?”

“கோயில்ல, மைக்குல வச்சுத்தான சொன்னீக? அதே மைக்குல வாபஸ் வாங்கிட்டுப் போங்க.”

ஆளு மாத்திப் பாத்தேன். பக்கத்து வீட்டு மொக்கம்மாக்காவ ஒரு நாள் என் எடத்துல ஒக்கார வச்சேன்.

“அடிப் பாதகத்தி, நீ வெளங்குவியா? ஏத்தா ஜெசிந்தா, இவள வெளக்கமாத்தாலயே சாத்தணும்.”

“யாரக்கா?”

“இந்தா, இவளத்தான்.”

“என்னக்கா பண்றா?”

“என்னதான் பண்ணல?”

அரைமணி நேரமும் கருத்தாக் கொட்டுச்சு. கண்ணு ஒரு சொட்டு இல்ல. மறுநாள் ஜெசிந்தா என்னையத்தான் கூப்பிட்டா.

அப்பத்தான் முடிவெடுத்தேன். சீரியல் முடிஞ்சு போச்சுன்னா, சொன்ன சொல்லும் தானா முடிஞ்சு போகும்ல?

ஆட்டோவக் கொண்டுபோயி சுருளிப்பட்டி ரோட்டுல ஒரு திராட்சத் தோட்டத்து ஓரமா நிறுத்துனேன். படுதாவ எறக்கி விட்டேன். விளம்பரம் பதியிற மைக்கு கையில இருக்கு. முந்தாநாள் மழையில ரவுண்டு போனதுல ஜலதோஷம் வேற. கலைஞனுக்கு அதெல்லாம் ஒரு தடையா? கடைசி எபிசோட நானே போட்டேன். மாமியா, மருமக, மாமனார், பெரிய நாத்தனா, சின்ன நாத்தனா, சமையக்காரி வரைக்கும் எல்லாக் கொரலும் நானே. டொய்ங்குக்கு டிபன் பாக்ஸு மூடி.

கதை சிம்பிளு. மொத்தக் குடும்பமும் தேக்கடியச் சுத்திப் பாக்க ஒரே வேன்ல ஏறுது. குமுளி மலைப்பாதையில வேன் உருண்டுருது. தனித்தனியாக் கொல்றதுக்கு எனக்கு ஏது நேரம்?

அத விளம்பரம் வச்சிருக்குற பென்டிரைவ்லயே ஏத்துனேன். மொக்கம்மாக்கா மயிலாடும்பாறைக்கு மக வீட்டுக்குப் போயிருந்த நாளாப் பாத்து, டிவிக்குப் பின்னாடி சொருகிட்டு, ஒன்னுந் தெரியாதவனா ஜெசிந்தா பக்கத்துல ஒக்காந்தேன்.

பாட்டு ஓடுச்சு. வேன் கெளம்புச்சு.

“வேனுக்குள்ள. மாமியா மூஞ்சி. மருமக மூஞ்சி. வெளிய மலை. வேன் வளையுது. ரோட்டுல ஒரு கல்லு. டயரு மூஞ்சி.”

“டயரு மூஞ்சியா?”

“பழக்கதோசம்.”

டமார். தடால். ஒவ்வொருத்தரா ஐயோன்னு கத்துறாக. டிரைவரு மலையாளி, அவரு மட்டும் ‘என்டம்மே’ன்னுட்டுப் போனாரு. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அந்நேரம் பாத்து டிவியில என் கொரலு.

“அன்பார்ந்த கம்பம் வாழ் பொதுமக்களே, ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி...”

பென்டிரைவ்ல அடுத்து இருந்தது ஓடிருச்சு.

“விளம்பரம்”னேன்.

“சாவுக்கு நடுவுலயா?”

“லோக்கல் கேபிளு. அவுகளுக்கு ஏது எரக்கம்?”

“ஒங்க கொரலு மாதிரி இருக்கு.”

“என் கொரலேதான். புருசன் டிவியில வர்றேன், பெருமைப்படு.”

“பெருமையாத்தான் இருக்கு”ன்னா.

டிவிய அமத்திட்டு, “சுபம்னு எழுத்து வருது”ன்னேன்.

“எத்தன பேரு செத்தாக?”

“டிரைவரோட பன்னெண்டு.”

“பன்னெண்டு பேரு செத்ததுக்கு சுபமா?”

எனக்குச் சுபம்தானேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அவ முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. தோளு குலுங்குச்சு. பாவம், பதினோரு வருசத்துப் பழக்கம், அழுகுறான்னு நெனச்சேன். ஒரு காப்பி கூடப் போட்டுக் குடுத்தேன்.

மறுநாளுல இருந்து ஏழரைக்கு நான் கேரம் போர்டுல. என்னா ஆட்டம்ங்கறீக. ரெட்டுக் காயப் போட்டா பின்னாலயே ஃபாலோ காயும் விழும். ஆல்பர்ட்டுக்கு இந்த வருசம் கையில பேயி எறங்கிருச்சுன்னு ஊரே பேசுச்சு. மூணு வாரத்துல ஃபைனலுக்கு வந்துட்டேன். எதிர்ல விஜயபாண்டி. சனிக்கெழமை ஏழரை மணிக்கு. அவன் பொண்டாட்டிகிட்ட, “மதினி, கரண்டிக்கு வேற எடம் பாருங்க”ன்னு சொல்லியே விட்டேன்.

வெள்ளிக்கெழமை வீட்டுக்கு வந்தா, ஜெசிந்தா ஒரு தாளை நீட்டுனா.

“திருவிழா நோட்டீசு வந்துருக்கு. வாசிங்க.”

கொரலுக்கு வேலைன்னா எனக்குச் சந்தோசம்தான். நல்லா ஏத்த எறக்கத்தோட வாசிச்சேன். “சனிக்கெழமை மாலை ஆறு மணி, திருப்பலி. ஏழரை மணி, கேரம் இறுதிப் போட்டி. அதே ஏழரை மணி, கோயில் மேடையில் திரு. ஆல்பர்ட் வழங்கும் ‘குமுளி மலைப்பாதை’, ஒலி நாடகம், பாகம்...”

கொரலு அங்கனயே நின்னுருச்சு.

“ரெண்டு”ன்னா ஜெசிந்தா. “பாகம் ரெண்டு.”

“ஏ ஜெசி, இது...”

“மறுநா டிவியத் தொடைக்கையில பென்டிரைவு கையில தட்டுப்பட்டுச்சு. எங்க கண்ணு தெரியாதவுக சங்கத்து ஆளுகளுக்கு அனுப்பி வச்சேன். தேனி மாவட்டத்துல ஒருத்தர் பாக்கியில்லாமக் கேட்டுட்டாக. நாளைக்கு நாப்பது பேரு வண்டி வச்சு வர்றாக. சாமியாரும் கேட்டாரு. டயரு வெடிக்கிற எடத்துல நாக்காலியில இருந்து விழுந்துட்டாராம்.”

“ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“ஏங்க, பன்னெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஜலதோஷம் பிடிக்குமா? மாமியா மூக்கடைச்சுத் திட்டுறா. மருமக மூக்கடைச்சு அழுகுறா. மாமனார் தும்மல அடக்குறாரு. பக்கத்துல நீங்க உறிஞ்சிக்கிட்டு இருக்கீக.”

“பெறகு எதுக்குத் தோளு குலுங்க அழுத?”

“அழுதேன்னு யாரு சொன்னா? தோளு குலுங்குனது நீங்க பாத்தது. அழுகை ஒங்க கருத்து.”

நான் ஒக்காந்துட்டேன்.

“அப்ப இந்த மூணு வாரமும் சீரியலு?”

“மொக்கம்மாக்கா வீட்டுல போயிக் கேட்டேன். வசவ வடிகட்டிட்டா மிச்சம் கதை வந்துருது.”

கடைசி ஆயுதத்த எடுத்தேன். “பாகம் ரெண்டு எப்படிப் போட? அதான் எல்லாரும் செத்தாச்சே.”

“பதினோரு பேருதான் செத்தாக. எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன். சின்ன நாத்தனா ஐயோன்னு கத்தவே இல்ல. நீங்க மறந்துட்டீக. அவ உயிரோட இருக்கா. அவளுக்கு என்ன ஆச்சுன்னுதான் நாப்பது பேரும் வர்றாக.”

“நாளைக்கு ஏழரைக்கு எனக்கு ஃபைனலுடி.”

“தெரியும். நாடகம் போட வேணாம்னா மேடைக்கு வந்துருங்க. அங்கன மைக்கு இருக்கும், அந்த நாப்பது பேரு முன்னாடி வாபஸ் வாங்கிட்டுப் போங்க.” பெறகு கொரலு கொஞ்சம் மெதுவா வந்துச்சு. “எங்காளுக ஏன் அத அப்படிக் கேட்டாக தெரியுமா? இம்புட்டு வருசத்துல எங்க காதுக்குன்னே வந்த மொத சீரியலு அது. அதுல ஒரு மூஞ்சி கூட இல்ல.”



சனிக்கெழமை ஏழரைக்கு மேடையில நின்னேன். சின்ன நாத்தனாவ மரத்துக் கெளையில இருந்து எறக்கி, யானைகிட்டத் தப்ப வச்சு, ஏலத்தோட்டத்துல வேலைக்குச் சேத்து விட்டேன். முன்வரிசையில நாப்பது பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாக, யானை வந்ததும் மூச்சக் கூட விடாம இருக்காக. பதினோரு வருசத்துல அப்படி ஒரு கைதட்டு கேட்டதில்ல. அந்தப் பக்கம் கேரம் போர்டுல என் நாக்காலி காலியாக் கெடந்துச்சு. நான் வரலைன்னு விஜயபாண்டி ஜெயிச்சதா எழுதிட்டாக. ஒரு காய் கூட அடிக்கல அவன்.

பரிசு குடுக்கையில கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். ஜெசிந்தா வந்து என் முழங்கையப் பிடிச்சா.

“மேடையில என்ன நடக்குது?”

“விஜயபாண்டி ஏறுறான். சாமியார் கப்பக் குடுக்குறாரு. விஜயபாண்டிக்குப் பல்லு பூராம் தெரியுது. அவன் பொண்டாட்டி கப்ப வாங்கி, கரண்டி கொள்ளுமான்னு உள்ள எட்டிப் பாக்குறா.”

“வேற?”

“கீழ ஒரு ஆளு நிக்கிறான். அவன் கண்ணுல தண்ணி வருது. பாவம்.”

“பாவமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்”னா. கொஞ்ச நேரம் யோசிச்சா.

“இல்ல.”