மாமாவின் முதுகு யாருக்குச் சொந்தம்

டொராண்டோவில் இருக்கும் பெருமதிப்பிற்குரிய தொக்சு மச்சானுக்கு,

தோங்யோங் துறைமுகத்திலிருந்து உங்கள் பெரிய தங்கை கியோங்மியின் கணவன் ஸ்டோயான் தலைதாழ்த்தி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். குளிர் கடுமை, சிப்பி விளைச்சல் அமோகம். மாமியார் உங்களுக்குக் காய்ந்த நெத்திலி ஒரு மூட்டை அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் எங்களிடமே சொன்னார், ஆகையால் வேண்டாமென்று பதில் எழுதிப் பயனில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் முதுகை எனக்கு விட்டுக்கொடுங்கள்.

சிரிக்காதீர்கள். இந்த ஊருக்கு வந்து எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. காலையிலேயே கிம்ச்சி சாப்பிடுகிறேன், பெரியவர்கள் முன்னால் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறேன், கனவில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் அப்பன்கள் குட்டை முக்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து சொரசொரப்பான பச்சைத் துணியால் முதுகு தேய்த்து, அழுக்கு திரிதிரியாக உருண்டு விழுவதைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது மச்சான். இங்கே எல்லோரும் தயிர் ஊர் என்று கேலி பேசும் எங்கள் பல்கேரியாவில் இந்த வழக்கம் கிடையாது. என் அப்பா போய்ச் சேர்ந்தபோது அவர் முதுகில் மச்சம் இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த ஏக்கம். மாமாவோ வாராவாரம் சின்ன மாப்பிள்ளையை, அதாவது என் சகலை கிஹோவைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். என்னைப் பார்த்து, "வீட்ல இரு, நல்லா ஓய்வெடு"ங்கிறார். ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். சாப்பிடும்போது, "முதுகெல்லாம் ஒரே அரிப்பு மாமா" என்றேன். மறுநாள் மாமியார் களிம்பும் மூங்கில் முதுகுசொறியும் வாங்கி வைத்தார். புதுப் பச்சைத் துணி ஒன்றை அழகாகப் பொட்டலம் கட்டி மாமாவுக்குப் பரிசு கொடுத்தேன். அதை மாமியார் எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்குத் தோல் தேய்க்கிறார், "ரொம்ப நல்லா வழிக்குது மாப்ளே, இன்னொண்ணு கிடைக்குமா?" என்று வேறு கேட்கிறார். சரி, போன ஞாயிறு நானே முந்திப் போய், தற்செயலாகச் சந்தித்த மாதிரி காட்டிக்கொள்ளலாமென்று கொதிக்கிற தொட்டியில் கழுத்தளவு இறங்கி உட்கார்ந்தேன். அவர்கள் வரவில்லை. நான் வேகிறேன். அவர்கள் வரவேயில்லை. சுற்றிலும் கிழவர்களுக்கு ஒரே குஷி. "தயிர் ஊரு மாப்ளே இன்னும் எந்திரிக்கல பாருய்யா!" "வெந்துருச்சான்னு குத்திப் பாருடா!" கடைசியில் கதவு திறந்து மாமா தெரிந்ததும் சந்தோஷத்தில் சட்டென்று எழுந்தேனா, கண் இருட்டி, கூலிக்கு உடம்பு தேய்ப்பவரின் மேடை மேலேயே போய் விழுந்தேன். அந்த மனுஷன் அடுத்த வாடிக்கைக்காரர் வந்துட்டாருன்னு நெனச்சு, மயக்கத்துல கிடந்தவனத் தேய் தேய்னு தேய்ச்சு, இடுப்புல ரெண்டு தட்டுத் தட்டிப் புரட்டிப் போட்டு, மறுபக்கமும் தேய்ச்சு முடிச்சுட்டார். நான் கண்ணை முழிச்சப்போ மாமா தலைக்குமேல நிக்கிறார். "பளபளன்னு ஆயிட்டியே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் படுத்தபடியே பார்த்தேன். கிஹோ தேய்க்கவே இல்லை மச்சான்! மாமா ஒரு நீளத் துண்டைப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து, தானே இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டார். நடுமுதுகு எட்டவில்லை. வெளியே வாழைப்பழப் பால் குடிக்கும்போது கிஹோவை மடக்கினேன். "அண்ணே, எனக்கும் குடுக்கல. நான் சும்மா சோப்புக் கூடை தூக்குற ஆளு. கேட்டா, 'அது மூத்தவன் வேலை, அவன் வந்து செய்வான்'னுட்டார்" என்றான்.

மூத்தவன் நீங்கள். போய் எத்தனை வருஷமாச்சு? வருஷா வருஷம் "அடுத்த புத்தாண்டுக்கு" என்கிறீர்கள். நீங்களும் தேய்ப்பதில்லை, இன்னொருவனையும் தேய்க்க விடுவதில்லை. நிலத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி, "என் தந்தையின் முதுகை முழு மனதுடன் ஸ்டோயானுக்கு விட்டுக்கொடுக்கிறேன், இனி எனக்கு அதில் பாத்தியதை இல்லை" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவரிடம் காட்டிக்கொள்கிறேன். நீங்கள் வருகிற சிரமம் மிச்சம். எனக்கும் அப்பா என்று ஒருவர் கிடைப்பார்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். பிறக்கும் ஆண்டில் உங்கள் வீட்டு அரிசிப்பானை குறையாதிருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
ஸ்டோயான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள். கடிதத்தை ஒட்டுவதற்குள், புத்தாண்டுக்கு முந்தின குளியலுக்கு மாமா வந்து கதவைத் தட்டினார். கிஹோவுக்குக் காய்ச்சலாம். "வா, கூடையைத் தூக்கு" என்றார். உள்ளே போனதும் முக்காலியில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக் காட்டினார். நான் அழுதேன், நல்லவேளை எல்லோர் முகமும் ஈரம். எவ்வளவு சின்ன முதுகு மச்சான்! எலும்பெல்லாம் தெரிகிறது. "மெதுவாடா, தோல் இப்பல்லாம் தாங்கல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே கேட்டார்: "மூத்தவன் கை உன் கையை விடப் பெருசா, சின்னதா? எனக்கு மறந்துபோச்சு."

விமானம் ஏறுங்கள்.