கடைசி வரிசை, கை கட்டு!

காதால் கேட்டே பாடம் படித்துவிடலாம். ஆனால் கேட்டதில் எது பாடம், எது டீச்சரின் அதட்டல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்தில், விழுப்புரம் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. என் மனைவி ஸ்டெல்லா, மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அதே இரண்டாம் வகுப்புக்கு டீச்சர். (நான் ஓடிப்போன இடத்தில் அவள் காவல் நிற்கிறாள்.) தினமும் ஜெபம் முடிந்ததும் ஏதாவது புத்தகம் எடுப்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதை எனக்கும் புரிந்துவிடும்.

ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வாரத்துக்கு ஒரு தெரு முறை. எங்கள் தெரு முறை வந்தால் ஸ்டெல்லாதான் வாசிப்பாள். புதிதாக வந்த ஃபாதர் அதில் கை வைத்தார்.

"எப்பப் பாத்தாலும் டீச்சரே படிக்கறாங்க. ஆம்பளைங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா? இந்த வாட்டி டீச்சர் வூட்டுக்காரர் படிக்கட்டும்."

எனக்குப் படிக்க வராது என்று ஸ்டெல்லா யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"முடியாதுன்னு சொல்லிடட்டுமாங்க?"

"வேணாம். நீ படிச்சுக் காட்டு. மனசுல ஏத்திக்கறேன்."

காரணம் இருந்தது. அந்த ஞாயிறு விழுப்புரத்திலிருந்து அவள் அண்ணன் வருகிறார். "டீச்சருக்குப் படிச்ச பொண்ணு, டியூப் ஒட்றவனுக்கா?" என்று எங்கள் கல்யாணத்தின்போது கேட்டவர். அவர் எதிரில் அவள் தலை குனியக் கூடாது. அவ்வளவுதான்.

வீட்டில் டிவி சத்தம். அதனால் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வாசகத்தைப் படித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

"நடுவுல பசங்கள அதட்டியிருப்பேன். அதை வுட்டுடுங்க."

"ம்."

வாரம் முழுக்கக் கேட்டேன். டியூபைத் தண்ணீரில் முக்கும்போது கேட்டேன். வீல் கழற்றும்போது கேட்டேன். மனசில் ஒட்டிக்கொண்டது. நான் போடுகிற பேட்ச்கூட அப்படி ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை வேட்டி. மேலே ஏறி, புத்தகத்தின் மேல் விரலை வைத்தேன். எதிரில் தரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பெஞ்சில் ஸ்டெல்லா, பக்கத்தில் மச்சான்.  வாய் தானாக ஓடியது.

மழை மண்ணை நனைக்கிறது, விதை முளைக்கிறது. எல்லாம் சரியாகப் போனது. அடுத்து, அதே ராகத்தில் சொன்னேன்.

"ஆரோக்கியம், ஜன்னல்ல என்ன வேடிக்கை?"

எங்கள் கோயிலில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆரோக்கியம் மேல்தான் விழ வேண்டும். அத்தனை ஆரோக்கியமும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மீதி மறந்துவிடும். ஓட்டினேன்.

"கடைசி வரிசை, கை கட்டு! வாய் பொத்து!"

பிள்ளைகள் மொத்தமும் கை கட்டி வாய் பொத்தின. டீச்சர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த பெரிய ஆட்களும் கட்டினார்கள். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒருவழியாக, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தேன்.

"இறைவா உமக்கு நன்றி" என்றது சபை.

அதோடு இறங்கியிருக்க வேண்டும். பதிவில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

"மணி அடிச்சாச்சு. தள்ளாம வரிசையா போங்க."

பிள்ளைகள் எழுந்து, தள்ளாமல், வரிசையாக வாசலுக்கு நடந்தன.

"டேய், எங்கடா போறீங்க?" ஃபாதர் பீடத்திலிருந்து ஓடிவந்தார்.

பூசை முடிந்ததும் வண்டி பக்கம் போய் நின்றுகொண்டேன். மச்சான் வந்தார். கை கட்டியபடியே வந்தார்.

"மாப்ள, கையை எறக்கலாமா?"

நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

"படிக்க வராதா உனக்கு?"

"வராது."

"அப்ப அம்மாம் பெரிய வாசகம்?"

"அவ சொன்னதைக் கேட்டது."

 பின்னால் வந்து நின்ற ஸ்டெல்லா பக்கம் திரும்பினார்.

"எம்மா, உங்க அண்ணி நான் சொல்றதுல ஒரு வார்த்தை கேக்கறதில்ல. இவன் உன் அதட்டலைக்கூட வுடாம கேட்டுக்கினு வந்திருக்கான்."

ஸ்டெல்லா சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவள் தலை குனியவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாளே இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். "இனிமே போன் கெடையாது." வீட்டுக்காரன் என்று சலுகை இல்லை. அதட்டல் அப்படியேதான்.

இப்போது நானே வாசிக்கிறேன். மெதுவாகத்தான். விரல் நிஜமாகவே எழுத்தின் மேல் போகிறது. சபை பொறுத்துக்கொள்கிறது.

விழுப்புரத்திலிருந்து போன் வந்தால், "கை கட்டிட்டேன் மாப்ள, சொல்லு" என்றுதான் மச்சான் ஆரம்பிக்கிறார். நான் வாசிக்க ஏறினால் கடைசி பெஞ்ச் தானாகவே கை கட்டுகிறது. வேறு எந்தத் தெரு முறையிலும் கோயில் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. (ஃபாதர் வாயாலே சொன்னது.)