அத்தாட்சி ஐயாவும் ரோஜா தின்ற ஆடும்

பதுளையில் ஒரு மனிதன் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. இருக்கிறான் என்று அத்தாட்சி ஐயா ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அவருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை பிறந்ததில்லை, ஒரு கிழவன் செத்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதே கிடையாது. இதை எழுதி முடிப்பதற்குள் நான் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இன்னும் சில வரும். இது அவற்றில் சின்னது.

ஐயாவின் தொழில் பெட்டிசம், அதாவது அரசாங்கத்துக்கு மனு, எழுதுவது. மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகத்தை எங்கள் ஊரில் கச்சேரி என்பார்கள். அதற்கு நேரெதிரே, நானா என்று ஊரே கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடை. கடை வாசலில் ஐயாவின் மேசை, மேசை மேல் கம்பளி போர்த்திய டைப்ரைட்டர். மழை வந்தால் ஐயா நனைவார், மெஷின் நனையாது. கார்பன் தாள் பட்டுப்பட்டு அவருடைய வலது கையில் இரண்டு விரல் எப்போதும் நீலமாகவே இருக்கும். சோறு பிசைந்து சாப்பிட்டாலும் அந்த நீலம் போகாது.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“அப்புத்தளையில சரியான மழைங்க ஐயா.”

“அத்தாட்சி?”

வந்தவர் குடையை விரித்து உதறிக் காட்ட வேண்டும். ஒருநாள் நானா, “ஐயா, இப்பதானே தேத்தண்ணி குடிச்சீங்க” என்று சொல்லிவிட்டார். “அத்தாட்சி?” நானா உள்ளே போய்க் கழுவாத கோப்பையை எடுத்து வந்து மூக்குக்கு நேரே நீட்டினார். ஐயா முகர்ந்து பார்த்தார். “தேத்தண்ணி குடிச்சது சரி. குடிச்சது நான்தான்னு என்ன நிச்சயம்?” அன்றைக்கே நானா காது உடைந்த கோப்பை ஒன்றை ஐயாவுக்கென்று தனியாக ஒதுக்கிவிட்டார். அதன் பிறகு அந்த விஷயத்தில் தகராறு வரவில்லை.

கல்யாண வீடுகளில் அவர் செய்த அழும்பு வேறு யாருக்கும் வராது. படம் பிடிக்கிறவர் தயாரானதும் ஐயா எழுந்து வந்து, மாப்பிள்ளை கையில் அன்றைய பேப்பரை விரித்துக் கொடுப்பார். தலைப்பும் திகதியும் வெளியே தெரிய வேண்டும். “படம் எடுத்தா சரியா? என்னைக்கு எடுத்ததுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவ?” எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்துக் கல்யாணப் படம் எதை எடுத்தாலும் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் அண்ணன் படத்தில் பேப்பர் அண்ணி முகத்தையே மறைத்துவிட்டது. அண்ணி அதற்காக ஐயாவை மன்னிக்கவே இல்லை.

பைத்தியம் என்று சிரித்தோம். ஆனால் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போனது. வேண்டுமென்றால் விண்ணப்பம் போடு, இத்தனை வருஷம் இடைவெளி விடாமல் இந்த நாட்டில்தான் இருந்தாய் என்று காட்டு என்றார்கள். நாற்பது வருஷம் தேயிலைக்குள் குனிந்தே கிடந்தவனிடம் கூனல் இருந்தது, கடிதாசி இல்லை. அந்தக் கடிதாசியைத் தேடித் தருவதுதான் ஐயாவின் வாழ்க்கை.

எங்கள் அப்பாவின் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, அறுபதுகளின் நடுவில் கடைசி விசாரணைக்கு வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டாம் உலக யுத்த காலத்துத் தோட்டப் பதிவேட்டில் பதினொரு மாசத்தைக் கறையான் தின்றிருந்தது. விசாரணை செய்த அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பதினொரு மாசம் எங்க இருந்த? இந்தியாவுக்குப் போயிட்டியா?”

“இல்லைங்க தொரை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தேங்க.”

“அத்தாட்சி?”

அந்தச் சொல்லை வேறொரு வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு பொல்லாத சொல் என்று எனக்குப் புரிந்தது. அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவோடு வந்திருந்த ஐயா பத்து நாள் தவணை கேட்டார். தோட்டம் தோட்டமாக நடந்தார். பழைய பெரிய கங்காணி வீட்டுப் பெட்டியைக் குடைந்து ஒரு கடிதத்தோடு வந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை கங்காணிக்கு எழுதியது. “உன் ஆள் முத்துசாமியின் ஆடு இரண்டாம் முறையாக என் பங்களா ரோஜாவைத் தின்றிருக்கிறது. மூன்றாம் முறை தின்றால் இரண்டையும் வெளியே அனுப்புவேன்.” முத்துசாமி எங்கள் அப்பா. கீழே திகதி, சரியாக அந்தப் பதினொரு மாசத்துக்குள்.

ஐயா அதிகாரி முன்னால் நிமிர்ந்து நின்றார். “ஆடு இந்த நாட்டுல இருந்திருக்குங்க. ஆட்டைக் கட்டாம விட்டவனும் இந்த நாட்டுலதான் இருந்திருக்கணும்.”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாங்கள் இலங்கைப் பிரஜைகள் ஆனோம். “சாமி படத்துக்குப் பக்கத்துல அந்த ஆட்டுக்கும் ஒரு படம் மாட்டணும்” என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டின் புண்ணியத்தில் நான் படித்தேன், பதுளையில் விஞ்ஞான ஆசிரியரானேன். எழுபதுகளின் நடுவில் ஒரு பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. மழைக்குச் சரியும் மலைச்சரிவுகளை எப்படிக் காப்பது என்று படித்து வர வேண்டும். அனுப்பிய இடத்தில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூடக் கிடையாது என்பது வேறு கதை.

புறப்படும் முன் அமெரிக்கத் தூதரகத்தில் தந்த விசாப் பாரத்தை, அந்தப் படிவத்தை, வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். படித்துப் பார்த்தவர் ஐயா ஒருவர்தான். படித்தவர் கண் கலங்கிவிட்டது.

“டேய், இதைப் பாத்தியா? படிப்பு முடிஞ்சதும் நீ உன் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து ரெண்டு வருசம் இருந்தே ஆகணுமாம். அதுக்கப்புறம்தான் அங்க நிரந்தரமா இருக்கக் கேக்கலாமாம். சொந்த நாடு எதுன்னும் எழுதியிருக்கான். இலங்கை. ஊர் பதுளை.”

“அது சட்டம்ங்க ஐயா.”

“சட்டம்தான். தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்த ஒருத்தனை, உன் ஊர் பதுளை, அங்கதான் போய் இருக்கணும்னு இன்னொரு அரசாங்கம் சொல்லுது. நான் இத்தனை வருசமா இதைத்தானேடா டைப் பண்ணிக்கிட்டிருக்கேன்?”

ஐயா அதை ஒரு பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டு நானா கடைச் சுவரில் மாட்டினார். பெட்டிசத்துக்கு வந்தவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் படித்துக் காட்டினாராம்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். இரண்டு வருஷப் படிப்பு முடிகிற நேரத்தில் அங்கேயே ஒரு வேலை கிடைத்தது. குழாயைத் திருப்பினால் வெந்நீர் வந்தது. வெந்நீருக்காக ஒருவன் நாட்டை விடுவானா என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டம் இருந்த அப்புத்தளைக் குளிரில் விடியற்காலை தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டவன் விடுவான். ஆனால் அந்த இரண்டு வருஷ நிபந்தனை குறுக்கே நின்றது. அதை நீக்க ஒரு வழி உண்டு. இவன் திரும்பி வராவிட்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று என் சொந்த அரசாங்கம் எழுதித் தர வேண்டும்.

இரண்டு வார லீவில் வந்தேன். சும்மா பார்க்க வந்ததாக வீட்டில் சொன்னேன். கொழும்பில் கேட்டால் பதுளைக் கச்சேரி வழியாக விண்ணப்பி என்றார்கள். கச்சேரியில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் கிளாக்கர் என் கையெழுத்துப் பிரதியைத் தொடக்கூட மாட்டேன் என்றார்.

“டைப் பண்ணிட்டு வாங்க. எதிர்த்தாப்புல ஐயா இருக்காரு.”

இரண்டு தரம் கடை வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் நானா பிடித்துவிட்டார். “அட, அமெரிக்கா தம்பி. இந்தா, ஐயா, உங்க புள்ள வந்துட்டான்.”

ஐயா எழுந்து நின்றார். தலைக்கு மேலே சுவரில் என் பாரம், கண்ணாடி துடைத்துப் பளபளவென்று. நான் தாளை நீட்டினேன். இரண்டு தரம் படித்தார். பிறகு ஒரு வரியில் நீல விரலை வைத்தார். “எனக்கும் என் குடும்பத்துக்கும் இந்நாட்டுடன் நிலையான தொடர்பு எதுவும் கிடையாது” என்று நான் எழுதியிருந்த வரி.

“அத்தாட்சி?”

“ஒரு பேச்சுக்கு எழுதுறதுதானே ஐயா. அப்படி எழுதினாதான் வேலை சுலபமா முடியும்னு சொன்னாங்க.”

“அப்போ அந்த ஆடு?”

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். “ஆட்டை விடுங்க ஐயா. நல்லா இருக்கணும்னு நினைக்கிறேன். இதுல என்ன தப்பு?”

“தப்புன்னு நான் சொன்னேனா? போறவன் போகட்டும். இருந்ததை இல்லைன்னு எழுதாத. நாளைக்கு எவனாவது உங்கப்பா ஃபைலைத் திறந்தான்னா இந்தத் தாள்தான் மேல இருக்கும். மகனே எழுதிக் குடுத்திருக்கான், தொடர்பு இல்லையாம்னு சொல்லுவான். அந்தக் கெழவன் மறுபடியும் போயி நிக்கணுமா?”

நானா கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிட்டு டைப் அடிக்கத் தொடங்கினார். நாலே வரி. இவர் இந்த நாட்டைச் சேர்ந்தவர். இவருடைய தகப்பனாரும் இந்த நாட்டைச் சேர்ந்தவர். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே இருக்க விரும்புகிறார்.

“இவ்வளவுதானா ஐயா?”

“இவ்வளவுக்குத்தான் அத்தாட்சி இருக்கு.”

தாளை உருவிக் கையில் கொடுத்தவர், கொஞ்சம் நில் என்றார். பக்கத்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டார். அன்றைய பேப்பரை விரித்து என்னிடம் நீட்டினார். “பிடி. நீ இங்க இருந்தன்னு எப்பவாவது காட்ட வேண்டி வரலாம்.”

கோட்டும் சூட்டுமாக நடுத்தெருவில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கச்சேரிக்கு வந்த சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தரையைப் பார்த்தேன். காற்றில் பேப்பர் படபடத்துத் திகதி மடங்கியது. ஐயா படத்தில் விழாமல் ஓரமாகக் குனிந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா இந்த நாட்டில் இருந்தார் என்று ஒப்புக்கொள்ள அரசாங்கத்துக்குப் பல வருஷம் பிடித்தது. நான் இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்ள ஒன்பது நாள். ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. அப்பாவிடம் கடைசி நாளில்தான் சொன்னேன். அவர், “அங்க ஆடு வளக்க விடுவாங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

நிரந்தரமாக இருக்கும் அட்டை கைக்கு வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி பதுளைக்குப் போனேன். ஐயாவுக்கு ஒரு புது டைப்ரைட்டர் வாங்கிப் போயிருந்தேன். வாசலில் மேசை இல்லை.

“இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க தம்பி” என்றார் நானா. “இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆளைப் பிரிச்சுக்கிட்டாங்க இல்லையா, அதுல. தலைமன்னார் கப்பல்ல போனாரு.”

“அவருக்குப் பிரஜாவுரிமை இல்லையா நானா?”

“அவரு விண்ணப்பத்துல நாலு மாசம் இடைவெளியாம். அத்தாட்சி இல்லையாம்.”

“ஊருக்கெல்லாம் தேடினவர் தனக்குத் தேடலையா?”

“அவருக்கு எங்க தம்பி நேரம்? வரிசையில எப்பவும் பத்துப் பேரு நின்னாங்க.”

போகும் முன் ஒரு மாசம் லயம் லயமாக நடந்து அவரவர் கடிதாசியை அவரவர் கையில் கொடுத்தாராம். காது உடைந்த கோப்பை தட்டில் கவிழ்ந்திருந்தது. சுவரில் என் பாரம் அப்படியே தொங்கியது.

“கழட்டட்டுமான்னு நீ அந்தத் தாளோட வந்த அன்னைக்கே கேட்டேன்” என்றார் நானா. “இருக்கட்டும், அதுல பொய் ஒண்ணும் இல்லையேன்னுட்டாரு. அவரு படம் ஒண்ணு வச்சிருக்கலாம்னு தேடினேன் தம்பி. ஊரையே படம் எடுக்க வச்ச மனுசனுக்கு ஒரு படம் இல்ல.”

ஒன்று இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. அதில் கோட்டுப் போட்ட ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். பேப்பரின் மூலையில், திகதிக்குப் பக்கத்தில், கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் கறுத்துப்போன இரண்டு விரல்கள். அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அந்த இரண்டு விரல்களை மட்டும் பார்ப்பேன்.