படிக்கட்டில் நிற்கும் மனிதர்

மருதமுனை,
18.10.1982

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் றஊப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்கள் மாமி சபூறாவும், உங்கள் மனைவி நபீலாவும், சூறாவளிக்குப் பிறகு நான் போட்ட கூரையும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். சவூதியில், தம்மாமில் இப்போது வெயில் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. பாதி அயலுக்குப் போனது, மீதி எங்கே போனது என்று உங்கள் மாமியைத்தான் கேட்க வேண்டும். மரியாதைக்கு இவ்வளவும் போதும். நான் பிடவை வியாபாரி, துணியை விரித்த பிறகு சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது.

நம்முடைய பகுதியில் மாமன் மருமகனுக்கு நேரே கடிதம் எழுதுகிற வழக்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்களும் நானும் நேருக்கு நேர் கதைத்தது மொத்தமாக நாலு வசனம் வருமோ தெரியாது. அதில் இரண்டு ஸலாமும் பதிலும். ஆனால் நீங்கள் நபீலாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்கு முன்னால் வாசித்தாள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது என்றும், ஊருக்கு வராமலே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகவும், "மாமாவுக்கு நான் வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை போல" என்றும் எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில்தான் உங்கள் பிள்ளையும் பிறக்க இருக்கிறது. மருமகன், அந்தப் பேனையைக் கீழே வைத்துவிட்டு இதை வாசியுங்கள்.

நீங்கள் போன லீவில் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் ஒரு பெட்டி படக் கசெட்டும் கொண்டுவந்தபோது, நான் வாய் திறக்காமல் கடைக்குப் போனது உண்மை. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிற மனிதன் வீட்டில் இந்தச் சாமான் என்று யோசித்தேன். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, கடைக்கு வந்த கைத்தறிச் சாரன் கட்டுகள் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குள் நான் கணக்கெடுத்துக்கொண்டு நிற்க, மண்டபத்தில் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று அறை வாசல் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கினேன். விலக்கின விரல் விலக்கினபடியே நின்றுவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெரிய உடம்புக்காரர் மேசையில் இருந்து சூப் குடிக்கிறார். இன்னொருவன் எதிரே நின்று உயிர்ப்பிச்சை கேட்கிறான். இவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கரண்டியைத் துடைக்கிறார். ஒரு முறை துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் துடைக்கிறார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவன் செத்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் கடையில் நின்றவன் நான், வாடிக்கையாளரின் முகத்தை நான் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். துணியை விரல் எப்படிப் பிடிக்கிறது என்பதில் அவர் வாங்குவாரா போவாரா என்பது தெரிந்துவிடும். அந்த நடிகருக்கும் அந்த ரகசியம் தெரிந்திருக்கிறது, மருமகன். வாயால் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் கையால்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கம்தான். தினமும் அஸரோடு கடையைப் பொடியன்மாரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வரத் தொடங்கினேன். திரைச்சீலையில் கடைக் கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வழி வெட்டினேன். உங்கள் மாமி அதைக் கண்டுவிட்டு, "எலி வெட்டியிருக்கு, பாருங்க" என்றார். "ஓம், எலிதான்" என்றேன். கடையில் ஏன் நேரத்தோடு போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். கல்முனைச் சந்தையில் ஒரு கதை எவ்வளவு வேகத்தில் வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். நாலாம் நாள் எனக்கு ஒப்பரேசன் என்று பேச்சு. வீட்டுக்குச் செவ்விளநீர் வருகிறது, பார்லி வருகிறது, ஒருவர் சாகக் கிடப்பவருக்கு ஓதுகிற யாசீனை ஓதுவதற்கே வந்துவிட்டார். தம்பிலுவில்லில் இருந்து நல்லரெத்தினம் மாஸ்டர் ஒரு போத்தல் எண்ணெயோடு பஸ்ஸில் வந்து, பக்க ஒழுங்கை வாசலால் நேரே அறைக்குள் நுழைந்துவிட்டார். நான் சைக்கிளில் பன்னிரண்டு சாரனைக் கட்டிக்கொண்டு தம்பிலுவில், வினாயகபுரம் என்று கூவித் திரிந்த காலத்தில், முதல் சாரன் வாங்கினவர் அவர். இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"வயித்துவலிக்காரன் சீலைக்குள்ள கண்ண வச்சி என்ன பாக்கிறீர்?"

"மாஸ்டர், சத்தம் போடாம இதில இரும். அவன் என்ன சொல்றான் எண்டு சொல்லும்."

அன்று தொடக்கம் சாரன் கட்டுக்கு மேலே இரண்டு கிழவர்கள். மாஸ்டருக்கு ஒவ்வொரு வசனத்தையும் இலக்கணச் சுத்தமாக மொழிபெயர்க்க வேண்டும். "உன்னைக் கொல்வதற்கு நான் சித்தமாயிருக்கிறேன் எண்டு சொல்றான்" என்று அவர் முடிக்கும்போது, அங்கே சவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு நானே, "நீர் சும்மா பாரும் மாஸ்டர்" என்றுவிட்டேன்.

வேறொரு படத்தில் வந்த அந்தக் குட்டையரை உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் பெட்டி சுமந்தவர், பிறகு அந்தப் பட்டினத்தையே ஆள்கிறவர். அவர் செய்வது ஹறாமான வியாபாரம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதன்முதல் புதுக் கோட்டுப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாரே, கழுத்துப்பட்டியை இரண்டு தரம் தொட்டுப் பார்க்கிறார். மூன்றாம் தரம் தொடப் போய், யாரோ பார்க்கிறார்கள் என்று கையைச் சட்டைப்பைக்குள் போடுகிறார். மருமகன், நான் கடை திறந்த அன்று வெள்ளைச் சட்டையோடு அதையேதான் செய்தேன். உங்கள் மாமிக்குக்கூட நான் சொன்னதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்கு யார் சொன்னது? சுடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். சுடுவதற்கு முன் தொப்பியைக் கழற்றி, தூசி தட்டி, மேசையில் மெதுவாக வைக்கிறவர் அவர் ஒருவர்தான்.

இன்னொரு படத்தில் ஒரு கிழத் தலைவர், மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. கிட்டப் போய் அவனுடைய கழுத்துப் பட்டியை நேராக்கிவிட்டு வந்துவிடுகிறார். "மாஸ்டர், இவங்க நம்மட பக்கம்தான். நிந்தவூரா, அக்கரைப்பற்றா எண்டு கேளும்" என்றேன். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் சாரன் கட்டு சரிந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். குட்டையரின் கடைசிக் கட்டம். எல்லாரும் விட்டுப் போய்விட்டார்கள், வயிற்றில் வெடிபட்டுவிட்டது. பெரிய வீட்டின் படிக்கட்டால் இறங்குகிறார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கால் அடுத்த படிக்கு மேலே. கீழே அவருடைய பழைய கூட்டாளி நிற்கிறான், துப்பாக்கியோடா வெறுங்கையோடா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் மாமி போட்ட சாம்பிராணிப் புகை தொண்டைக்குள் போய், நான் செருமிவிட்டேன்.

மாமன் வருவதென்றால் வாசலில் நின்று செருமுவது, கேட்ட மருமகன் எழும்பி மற்ற வாசலால் போவது, இதுதான் நம் வழக்கம். நீங்கள் வழக்கம் தவறாத பிள்ளை. பட்டென்று டெக்கை நிற்பாட்டினீர்கள், எழும்பிப் போனீர்கள். அடுத்த நாள் தொலைக்காட்சியோடு டெக்கையும் துவாயால் மூடி வைத்துவிட்டு, "வாப்பாக்கு இதெல்லாம் விருப்பமில்ல, வித்துப்போடுங்க" என்று நபீலாவிடம் சொல்லி, பதினொரு நாள் லீவு மிச்சமிருக்கப் பயணமும் போய்விட்டீர்கள். நான் கடையில் இருந்து ஓடி வருவதற்குள் கார் தாளவட்டுவான் சந்தி தாண்டிவிட்டது.

செருமினது உங்களை எழுப்ப அல்ல. வீடு சீதனமாக உங்களுக்கும் நபீலாவுக்கும் எழுதின வீடு. அதில் ஒரு மூலையில் இருக்கிற கிழவன் செருமினதற்கு வீட்டுக்காரர் சவூதிக்கு ஓடலாமா?

நபீலாவின் நிலைமையைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறாள். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். எனக்கு ஒன்றும் இல்லை, நான் கடையும் வேலையுமாக இருக்கிறேன். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். டெக்கை விற்கவில்லை. ஏழு மாதமாகக் கசெட் நீங்கள் நிற்பாட்டின இடத்திலேயே இருக்கிறது, ஒருவரையும் தொட விடவில்லை. அந்த மனிதர் ஒரு காலைத் தூக்கியபடி படியிலேயே நிற்கிறார். நீங்கள் வந்து இறக்கிவிட வேண்டும்.

வழக்கம் என்று பயப்பட வேண்டாம். திரைச்சீலையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். நீங்கள் கதிரையில் இருங்கள், நான் பின்னால் சாரன் கட்டில் இருப்பேன். முகம் பார்க்கத் தேவையில்லை, இரண்டு பேரும் அந்த ஆளைத்தான் பார்க்கப் போகிறோம்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்கு வலுவையும், உழைப்புக்குப் பறக்கத்தையும் பெருக்கத்தையும், கையெழுத்து வைக்கிற கைக்கு மட்டும் கொஞ்சம் உளைவையும் தருவானாக. மாமியின் ஸலாம். மாஸ்டரின் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
மீராமுகைதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நபீலா வாங்கி வாசித்துவிட்டாள். "வாப்பா, இது முழுக்கப் பொய். திருத்தாம அனுப்ப விடமாட்டன்" என்று பக்கத்தில் நிற்கிறாள். தான் இரண்டு பேருக்கு அளவாகச் சாப்பிடுவதாகவும், தபால்காரனைக் கண்டு ஓடுவது யாரென்று தபால்காரனிடமே கேட்கலாம் என்றும் எழுதச் சொல்கிறாள். "சோத்த வச்சிட்டு ஒழும்புற ஆள் நான் இல்ல, நீங்க" என்கிறாள். சரி, நான்தான். நான் செருமின அன்று செவ்வாய்க்கிழமை என்பதையும் எழுத வேண்டுமாம். செவ்வாயில் உங்கள் மாமி சாம்பிராணி போடுவதில்லை. புகை ஒன்றும் இருக்கவில்லை மருமகன், தொண்டை தானாக அடைத்தது. கசெட்டையும் நானும் மாஸ்டரும் நாலு தரம் கடைசிவரை பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அதே படிக்குச் சுற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம், கால் ஒரு அங்குலம் பிசகவில்லை. கீழே என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். நீங்கள் வந்து பார்க்கும்போது நானும் முதன்முதல் பார்க்கிறவன் போல இருப்பேன், அந்தக் குட்டையரிடம் அவ்வளவாவது படித்திருக்கிறேன். அந்த இடத்தில் செருமுவேன். நிற்பாட்ட வேண்டாம்.