நாற்பது நாளில் ஒரு மடை

நான் யாரையும் அடித்ததில்லை. யார் பொருளையும் எடுத்ததில்லை. ஆனால் ஓர் ஊரின் ஒரு வருஷத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் இடிந்த மடையைக் கட்ட ஓவர்சியராகப் போனேன். வயது இருபத்திரண்டு. (மீசை அதைவிட இளையது.) ஆவணி மாதம். கண்மாய் வறண்டு கிடந்தது. கரையை வெட்டித் திறந்துதான் பழைய மடையைப் பிரிக்க வேண்டும்.

விவசாயி கருப்பையா கேட்டார்: “மழைக்கு முன்ன முடிஞ்சிருமாங்கய்யா? இல்லைன்னா தை கழிச்சு வெட்டிக்கிருவோம்.”

நோட்டை எடுத்தேன். ஒரு கொத்தனார் ஒரு நாளில் இத்தனை அடி; நான்கு பேர் என்றால் நான்கு மடங்கு. “நாற்பதே நாள். எழுதி வச்சுக்கங்க.”

மேஸ்திரி அந்தோணி தலையைச் சொறிந்தார். “மூணு மாசத்துக்குக் கொறையாது சார்.”

“அது உங்க கணக்கு. இது இன்ஜினியரிங்” என்றேன். (கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது, இன்றைக்கும்.)

நாற்பதாம் நாள் அஸ்திவாரம்தான் எழும்பியிருந்தது. சுண்ணாம்பு ஊறி அரைபட வேண்டும் என்பதும், செங்கல் வண்டி அச்சு முறியும் என்பதும் என் நோட்டில் இல்லை. புரட்டாசியில் ஒரு தூறல் விழுந்ததும் ஆட்கள் அத்தனை பேரும் விதைக்கப் போய்விட்டார்கள். மானாவாரிக்காரன் ஈரத்தை விட்டுவிட்டு என் மடைக்கா வருவான்?

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கண்மாய் நிறைய நிறைய, வெட்டிய இடத்தில் அவசரமாகப் போட்ட மண் கரைந்தது. ஊரே கூடையும் மண்வெட்டியுமாக ஓடி வந்தது. மணல் மூட்டை, பனந்தடி, வைக்கோல், எல்லாம் போட்டார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று நான் கத்தினேன்: “பத்தே நிமிஷம்! அடைச்சிரலாம்!”

அந்தோணி என் சட்டையைப் பிடித்துக் கரைமேல் இழுத்துப் போட்டார். “நேரஞ் சொன்னது போதும் சார். ஏறுங்க.”

நான் நின்றிருந்த இடம் அப்படியே பெயர்ந்து போயிற்று. யாரும் அழவில்லை; என்னைத் திட்டவுமில்லை. தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதன்பின் அந்த வருஷம் மழையே இல்லை. நெல் கருகியது. பாதி வீடுகளைப் பூட்டிக்கொண்டு சனங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போனார்கள். மாசியில் மடை முடிந்தது. கருப்பையா தடவிப் பார்த்தார். “நல்லா இருக்குங்கய்யா. தண்ணிதான் இல்ல.”

அதற்கு அவர் என்னை அறைந்தே இருக்கலாம்.

சில வருஷம் கழித்து, பக்கத்து ஊரிலேயே எனக்குப் பெண் கொடுத்தார்கள். (வேறு வரன் கிடைக்கவில்லை போல.) மனைவி முழுகாமல் இருந்தபோது, பிரசவத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் உலக்கையை நிறுத்திவிட்டு மகளைக் கேட்டார்: “ஏத்தா, நாள் சொன்னது நர்ஸம்மாவா, மாப்பிள்ளையா?”

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதற்கு நாள் சொன்னாலும், பேரப்பிள்ளைகள் வரை அதே கேள்விதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கண்மாய்க் கரையோரம் பஸ் போகும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.